பனிச்சந்தில் ஒரு கலாஸ்

கட்டுமான சைட்டுகளில் விபத்து தடுத்து ஓய்வு பெற்ற பாதுகாப்பு அதிகாரியைப் பனிமலைக்குக் கூட்டிப்போவதும், ஆடிட்டரைக் கல்யாண வீட்டுச் சமையற்கட்டில் உட்காரவைப்பதும் ஒன்றுதான். சாப்பாடு கெட்டுப்போகாது, ஆனால் யாராலும் நிம்மதியாகச் சமைக்க முடியாது. என் மனைவிக்கு இது தெரியும். தனியாகப் போக நான் விடமாட்டேன் என்பதும் தெரியும். இரண்டில் எது குறைந்த தொல்லை என்று யோசித்து, என்னைக் கூட்டிப்போனாள்.

போகவேண்டும் என்றது அவள்தான். கல்யாணமான புதிதில் நாங்கள் குவைத்தில், அப்பாசியாவில் இருந்தோம். அங்கே ஓர் இந்தியப் பள்ளியில் அவள் பூகோளம் எடுத்தாள். பிறகு வேலை நிமித்தம் நான் தம்மாம், அபுதாபி என்று மாறிய இடமெல்லாம் அவளும் பள்ளி மாறி, பூகோளமே எடுத்தாள். வருடா வருடம் பனியாறு என்று ஒரு பாடம் வரும். மலைமேல் பனி சேர்ந்து, இறுகி, தன் எடையாலேயே மெல்ல நகர்ந்து பள்ளத்தாக்கைச் செதுக்குகிற கதை. ஜன்னலுக்கு வெளியே புழுதிக்காற்று அடித்துக்கொண்டிருக்கும். உள்ளே இவள் கரும்பலகையில் சாக்பீஸால் பனியாறு வரைந்துகொண்டிருப்பாள். நேரில் பார்த்திருக்கிறீர்களா என்று பிள்ளைகள் கேட்பார்கள். இல்லை என்பாள். ஒவ்வொரு வகுப்பும் ஒவ்வொரு வருடமும் கேட்டுக்கேட்டு, அது அவளுக்கு ஒரு குறையாகவே தங்கிவிட்டது.

இப்போது நாங்கள் ஷார்ஜாவில், முவைலாவில் குடியிருக்கிறோம். ஓய்வுக்குப் பிறகு அவள் ராஸ் அல் கைமா மலைகளில் குளிர்கால வாரயிறுதிகளில் நடக்கிற ஒரு பெண்கள் குழுவில் சேர்ந்தாள். நான் காரில் காத்திருந்து செய்தித்தாள் படிக்கும் ரகம். அந்தக் குழுவில் யாரோ ஜார்ஜியா நாட்டு மலையொன்றின் படத்தைக் காட்டியிருக்கிறார்கள். இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே, மேலிருந்து கீழ்வரை பனி நிறைந்து நிற்கும் செங்குத்தான சந்து. அதில் ஏறி முகட்டை அடைந்தால், மறுபக்கம் பனியாறு தெரியும்.

"ஷார்ஜால இருந்து மூணு மணி நேர ஃப்ளைட்தாங்க. நம்ம ரெசிடென்ஸ் விசாவுக்கு அங்க தனியா விசாகூட வேணாம்" என்றாள்.

பனியாறு பார்க்கவேண்டுமென்றால் சாலை ஓரமாகவே பார்க்கக் கிடைக்கிற நாடுகள் இருக்கின்றன என்றேன். பேருந்தில் போய், பார்த்து, தேநீர் குடித்துத் திரும்பலாம்.

"நான் அதை மேல நின்னு பாக்கணும். படத்துல அப்படித்தான் வரைவேன்."

தொழில்முறையில் எனக்கு இது பழக்கமான நிலை. செய்யக்கூடாத வேலையைச் செய்தே தீருவது என்று மேலிடம் முடிவெடுத்துவிடும். அதை எப்படிச் செய்வது என்று எழுதிக்கொடுப்பதே நம் உத்தியோகம். தேவையானவற்றைத் தேட ஆரம்பித்தேன். அடிப்பாகம் வளையாத மலையேற்றப் பூட்ஸ். அதன் அடியில் பூட்டுகிற கிராம்பான் என்னும் இரும்புப் பற்கள்; கீழ்நோக்கிச் சில, விரல் நுனிக்கு முன்னால் நீட்டிக்கொண்டு இரண்டு. ஒரு பனிக்கோடரி, ஹெல்மெட், இடுப்பில் மாட்டும் ஹார்னஸ். மனைவிக்கான பூட்ஸ், ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு ஜெர்மானியப் பெண்ணிடம் கிடைத்தது. எனக்கானது இணையத்தில் வந்தது. இரண்டையும் மாட்டிக்கொண்டு எங்கள் கட்டடத்தின் படிக்கட்டில் மேலும் கீழும் நடந்து பழகினோம். லிஃப்ட் வேலை செய்யவில்லையா என்று வாட்ச்மேன் முதல் நாள் கேட்டார். இரண்டாம் நாளிலிருந்து கேட்கவில்லை.

கிராம்பானைப் பழகத்தான் இடம் இல்லை. துபாயில் ஒரு மாலுக்குள் செயற்கைப் பனிச்சரிவு உண்டு. அங்கே போய், விதிமுறைப்படி முதலில் அனுமதி கேட்டேன். கோட்டு போட்ட இளைஞர் பற்களைப் பார்த்தார், மேலாளரைக் கூப்பிட்டார், மேலாளரும் பற்களைப் பார்த்தார். மறுத்தார்கள். நானாக இருந்தாலும் மறுத்திருப்பேன்.

கடைசியில் முவைலாவிலேயே, எங்கள் தெருக்கோடியில் கட்டாமல் கிடந்த மனையில் இறுகிப்போன மண்மேடு ஒன்று அகப்பட்டது. விடிந்ததும் அங்கே போய்க் கிராம்பானைப் பூட்டிக்கொண்டு ஏறி இறங்குவோம். அதே வேளையில் பக்கத்துத் தொழிலாளர் கேம்ப்களிலிருந்து வேலைக்குப் போகிறவர்கள் பஸ்ஸுக்கு நிற்பார்கள். ஒருநாள் வரிசையிலிருந்து ஒருவர் தமிழில் கூப்பிட்டுக் கேட்டார்.

"சார், கால்ல என்ன சார் அது? கரடி நகமா?"

"ஐஸ்ல ஏறுறதுக்கு" என்றேன்.

"ஐஸா? மாஃபி ஐஸ் சார் இங்க. ஐஸே கெடையாது, சுடுமணல்தான்."

பக்கத்தில் நின்றவர் சொன்னார்: "ஏ, சாரு ரிட்டையர் ஆயிட்டாருடா. சும்மா உக்காந்தா வீட்டம்மா திட்டுவாங்கல்ல?"

என் மனைவி மேட்டின் உச்சியில் நின்று சிரித்தாள். அவள் ஏற்கெனவே ஏறிவிட்டிருந்தாள்.

பெருநாள் விடுமுறையில் கிளம்பினோம். மனைவியின் தம்பி தம்மாமிலிருந்து நேராகத் திபிலிசிக்கு வந்து சேர்ந்துகொண்டான். ஒப்பந்த நிறுவனம் ஒன்றில் மேற்பார்வையாளன். மலையேறுகிற எண்ணம் அவனுக்கு அறவே கிடையாது. பனியைத் தொட்டுப் பார்க்கவேண்டும், போட்டோ எடுக்கவேண்டும், அக்காவையும் அத்தானையும் சண்டை போடாமல் பார்த்துக்கொள்ளவேண்டும் என்ற மூன்று திட்டங்களோடு வந்திருந்தான்.

வழிகாட்டி முப்பது சொச்சம் வயது ஜார்ஜியர். முன்பு துபாயில் கோபுரக் கட்டடங்களின் கண்ணாடியைக் கயிற்றில் தொங்கித் துடைத்திருக்கிறார். அதனால் எங்களுக்கும் அவருக்கும் பொதுவாக ஒரு மொழி இருந்தது. யல்லா என்றால் கிளம்பு, கலாஸ் என்றால் முடிந்தது. மீதி ஆங்கிலத்தில்.

சந்துக்குக் கீழே ஒரு மலைக்குடில். அதை அடைந்த மறுநாள், பக்கத்துச் சரிவில் பயிற்சி கொடுத்தார். சரிவு குறைவான இடத்தில் எல்லாப் பற்களும் பதியும்படி பாதத்தைத் தட்டையாக வைத்து நடக்கவேண்டும். செங்குத்தான இடத்தில் முன்பற்கள் இரண்டை மட்டும் உதைத்துப் பதித்து நிற்கவேண்டும். அப்போது குதிகாலைத் தூக்கக் கூடாது, தூக்கினால் பல் பிடுங்கிக்கொள்ளும். காலை அகட்டி வைக்கவேண்டும், இல்லையென்றால் ஒரு காலின் பல் மறுகாலின் பேன்ட்டில் மாட்டும். வழுக்கினால் குப்புறத் திரும்பிக் கோடரியின் மூக்கைப் பனியில் அழுத்தவேண்டும். கால்களை மட்டும் மேலே தூக்கிக்கொள்ளவேண்டும், பற்கள் சிக்கினால் கணுக்கால் முறியும். எனக்கு மனிதரைப் பிடித்துப்போயிற்று. ஒவ்வொரு விதிக்கும் அதை மீறினால் எந்த எலும்பு முறியும் என்பதையும் சேர்த்தே சொன்னார். எங்கள் துறையில் இப்படிச் சொல்லத் தெரிந்தவர்கள் குறைவு.

வெயிலில் இளகிய பனியில் நாள் முழுவதும் புரண்டதில், பூட்ஸ் இரண்டு ஜோடியும் உள்வரை ஊறிவிட்டன. குடிலில் கதவையொட்டி உட்புறம் அடுப்பு. அடுப்புக்கு மேலே ஒரு பலகை. பூட்ஸை அதில் வைக்கச் சொல்லிவிட்டு வழிகாட்டி தண்ணீர் எடுக்கப் போனார். அதே பலகையின் மறுகோடியில் ரொட்டி இருந்தது.

மனைவி அந்தப் பலகையைப் பார்த்தாள். பிறகு எங்கள் பூட்ஸ்களைப் பார்த்தாள்.

"ரொட்டிக்குப் பக்கத்துல செருப்பு வைக்கிறதா? அவரு ஏதோ தெரியாம சொல்றாரு."

"அக்கா, இது அவங்க ஊரு பழக்கம்" என்றான் தம்பி.

"எந்த ஊரா இருந்தா என்ன? திங்கிற எடம் திங்கிற எடம்தான். வாசல்ல வைடா."

அவன் வைத்தான். கதவுக்கு வெளியே, கூரைக்கு அடியில், ஜோடி ஜோடியாக, ஒழுங்காக. எங்கள் ஷார்ஜா ஃபிளாட் வாசலில் இருப்பதுபோலவே இருந்தது. வளைகுடாவில் எந்தத் தமிழ் வீட்டுக்கும், எந்த அரபு வீட்டு மஜ்லிஸ் கூடத்துக்கும் வாசலில் செருப்பைக் கழற்றாமல் நுழைந்ததில்லை நாங்கள். உள்ளே வைப்பதுதான் எங்களுக்கு விநோதமே தவிர, வெளியே வைத்ததை யாரும் ஒரு செயலாகவே நினைக்கவில்லை. நானும் பார்த்தேன். முப்பது வருடம் ஆபத்துகளைக் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்கியவனுக்கு அதில் ஒன்றும் தெரியவில்லை.

சாப்பாட்டுக்குப் பின் நான் என் தொழிலைக் காட்டினேன். வேலை தொடங்கும்முன் சைட்டில் எல்லோரையும் நிறுத்திவைத்துப் பேசுவது போல, மறுநாள் காலை என்னென்ன செய்வது என்று பேசினோம். வழிகாட்டி ஒரு நிபந்தனை வைத்தார். சந்தின் இடப்பக்கச் சுவரின் உச்சியில் காவி நிறத்தில் ஒரு பட்டை இருக்கிறது. அதில் வெயில் பட்டதும், எந்த இடத்தில் இருந்தாலும் திரும்பிவிடவேண்டும். வெயில் ஏறினால் மேலே உறைந்திருக்கும் கற்கள் கழன்று, சந்து வழியாகத்தான் வரும். கோடை நண்பகலில் வெளிவேலை கூடாது என்ற வளைகுடாச் சட்டத்தைப் பாதி ஆயுள் அமல்படுத்தியவன் நான். இது எனக்கு உடனே விளங்கிற்று. என் பங்குக்கு ஒன்று சேர்த்தேன். ஏறப்போகும் மூவரில் யார் கலாஸ் என்று சொன்னாலும் இறங்கிவிடவேண்டும். காரணம் கேட்கக் கூடாது, விவாதம் கூடாது.

"யாரு சொல்லப்போறாங்கன்னு எனக்குத் தெரியாதாக்கும்" என்றாள் மனைவி. ஆனாலும் சரி என்றாள்.

இருட்டு பிரியும் முன் வழிகாட்டி எழுந்து அடுப்பு மூட்டினார். பலகையைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். பூட்ஸ் எங்கே என்றார். தம்பி கதவைத் திறந்து காட்டினான்.

அவர் ஒரு பூட்ஸை எடுத்துத் தரையில் தட்டினார். செங்கல் விழுந்த சத்தம் கேட்டது. நாக்கு, நாடா, உள்துணி எல்லாம் ஒரே கட்டியாக உறைந்திருந்தன. உள்ளே காலை விடுவது இருக்கட்டும், நாடாவைப் பிரிக்கவே முடியவில்லை.

"ஒய்?" என்றார். அந்த ஒற்றைச் சொல்லுக்கு விளக்கம் சொல்ல எங்களில் யாருக்கும் ஆங்கிலம் போதவில்லை.

"அத்தான், அடுப்புல வச்சு வாட்டிருவமா?" என்றான் தம்பி.

"வாட்டினா சோல் பிச்சுக்கும் மாப்ள. பாதி மலைல கால் தனியா, அடி தனியா நிக்கும்."

வழிகாட்டி தண்ணீர் கொதிக்கவைத்து, பிளாஸ்டிக் புட்டிகளில் ஊற்றி, பூட்ஸ்களுக்குள் செருகினார். பனி இளகுவதற்குக் காத்திருந்தோம். மனைவி பெஞ்சில் ஹெல்மெட்டோடு உட்கார்ந்து, புட்டிகளை மாற்றி மாற்றி அழுத்திக்கொண்டிருந்தாள். ஜன்னல் கறுப்பிலிருந்து சாம்பலுக்கு மாறியது. ஒவ்வொரு நிமிடமும் அவளுடைய முகட்டிலிருந்து கழிகிறது என்று எல்லோருக்கும் தெரிந்தது.

கிளம்பும்போது நன்றாக விடிந்துவிட்டது. ஒரே கயிற்றில் முதலில் வழிகாட்டி, நடுவில் அவள், கடைசியில் நான். சந்தின் அடியிலிருந்து அண்ணாந்து பார்த்தால், பனி நேராக நெற்றிக்கு முன்னால் எழுந்து நிற்பதுபோல இருந்தது. ஆனால் ஏற ஏற அது எதிரிபோல நடந்துகொள்ளவில்லை. இரவில் இறுகிய பனி. கோடரியின் கம்பு மேலே ஊன்றப்படும், ஒரு கால் உதைக்கும், மறுகால் உதைக்கும், மறுபடி கோடரி. நன்றாகப் பதிந்தால் பிஸ்கட் முறிகிற சத்தம். பதியாவிட்டால் வெறும் உரசல், அப்போது மீண்டும் உதைக்கவேண்டும். வழிகாட்டி உதைத்து உடைத்த சில்லுகள் எங்கள் ஹெல்மெட்டில் கலகலவென்று விழுந்து கீழே ஓடும். எவ்வளவு நேரம் ஓடுகின்றன என்பதைக் கேட்காமலிருக்க முயன்றேன்.

கெண்டைக்கால் எரிந்தது. அதுகூடப் பரவாயில்லை. முழுதாகக் காயாத பூட்ஸுக்குள் என் வலதுகால் விரல்கள் முதலில் வலித்தன, பிறகு வலிக்கவில்லை. வலி நின்றது நல்ல செய்தி அல்ல என்பது எனக்குத் தெரியும். என்னால் எல்லோரும் தாமதமானோம். எனக்கு மேலே மனைவியின் கிராம்பான் பற்கள் சீராக, ஒரே அளவில் ஏறிக்கொண்டிருந்தன. கயிறு இறுகும்போதெல்லாம் அவள் நின்று, திரும்பிப் பார்க்காமல் காத்திருப்பாள், தளர்ந்ததும் ஏறுவாள். வகுப்பில் எழுதி முடிக்காத பிள்ளைக்காக நிற்பவளைப்போல.

முகடு தெரிந்தது. வானத்துக்கு எதிராக ஒரு வெள்ளை விளிம்பு, அதன்மேல் காற்று பொடிப்பனியை ஊதிக்கொண்டிருந்தது. அதே சமயம் இடப்பக்கம் பார்த்தேன். காவிப்பட்டையின் மேல் வெயில் விழுந்திருந்தது.

வழிகாட்டியும் பார்த்தார். பிறகு என் மனைவியைப் பார்த்தார். அவள் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச தூரம்தான், வேகமாகப் போனால் போய்விடலாம் என்றார் அவர். நல்ல மனிதர், அவளுக்காகச் சொன்னார். எந்த சைட்டிலும் விபத்துக்கு முந்தைய வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும்: கொஞ்சம்தான், சீக்கிரம் முடித்துவிடலாம். வேகமாக என்று அவர் சொன்னது என் காலையும் சேர்த்து. அந்தக் காலை நான் அறிவேன்.

"கலாஸ்" என்றேன்.

மனைவி அப்போதுதான் திரும்பினாள்.

"ஏங்க, அந்தா தெரியுதுங்க."

"கலாஸ்."

"உங்களால முடியலையா?"

"காரணம் கேக்கக் கூடாதுன்னு பேசியிருக்கோம்."

அவள் விளிம்பை இன்னொரு முறை பார்த்தாள். பிறகு கோடரியை இடம் மாற்றி ஊன்றி, ஒரு காலைக் கீழே எடுத்து வைத்தாள். இறங்குவது ஏறுவதைவிடக் கடினம். பனியைப் பார்த்தபடி, கண் தெரியாத காலால் இடம் தேடி உதைக்கவேண்டும். இப்போது நான் முதலில், அவள் எனக்கு மேலே. அவளுடைய பற்கள் ஒவ்வொரு முறையும் என் முகத்துக்கு மேலே வந்து பதிந்தன. ஒருமுறைகூடத் தவறவில்லை.

குடிலில் என் பூட்ஸைக் கழற்றினார்கள். விரல்கள் மெழுகுபோல வெளுத்திருந்தன. வழிகாட்டி அவற்றைத் தன் கைகளுக்குள் வைத்துச் சூடேற்றினார். நிறம் திரும்பும்போது நான் போட்ட சத்தம் தம்மாமுக்கே கேட்டிருக்கும் என்றான் தம்பி. பெரிய சேதம் இல்லை, ஆனால் இந்தக் கால் இனி இந்தப் பயணத்தில் பனி மிதிக்காது என்று வழிகாட்டி சொல்லிவிட்டார்.

அன்று மதியம் முழுவதும் குடிலுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து சந்தைப் பார்த்தோம். சந்து முழுக்க வெயில். கல் விழும், சத்தம் கேட்கும், அவளும் பார்ப்பாள் என்று காத்திருந்தேன். என் உத்தியோகத்தின் பெரிய சோகம் இதுதான். நடந்த விபத்துக்குப் போட்டோ உண்டு, அறிக்கை உண்டு. நடக்காத விபத்துக்கு எதுவும் கிடையாது. தடுத்தவனும், சும்மா பயந்தவனும் பார்ப்பதற்கு ஒரே மாதிரிதான் இருப்பார்கள்.

தேநீர் ஆறியது. நிழல் நீண்டது. ஒரு கூழாங்கல்கூட விழவில்லை.

"ஏன் அத்தான்," என்றான் தம்பி மெதுவாக, "உங்க மானத்தக் காப்பாத்த ஒரே ஒரு கல்லாச்சும் விழக்கூடாதா?"

மனைவி சிரிக்கவில்லை. எழுந்து உள்ளே போனாள். வழிகாட்டியிடம் அவள் பேசுவது திறந்த கதவு வழியாகக் கேட்டது. எங்கள் விமானம் மறுநாள் இரவு. ஒருவர் மட்டும் என்றால், சீக்கிரம் கிளம்பினால், முடியுமா என்று கேட்டாள். முடியும் என்றார் அவர். ஒருவர் மட்டும் என்பதை அவள் இரண்டு முறை சொன்னாள்.

அன்றிரவு அவளுடைய பூட்ஸ் எங்கே வைக்கப்பட்டது என்று பார்த்தேன். ரொட்டிக்குப் பக்கத்தில் இல்லை. ஈரம் துடைத்து, துணிப்பையில் போட்டு, தன் ஸ்லீப்பிங் பேக்குக்குள்ளேயே வைத்துக்கொண்டு படுத்திருந்தாள்.

நான் கண்விழித்தபோது அவர்கள் போய்விட்டிருந்தார்கள். வழிகாட்டியின் பைனாகுலர் மேசைமேல் இருந்தது. ஜன்னலருகே உட்கார்ந்து பிடித்துப் பார்த்தேன். சந்தின் பாதிக்குமேல் இரண்டு புள்ளிகள். பாதுகாப்பு அதிகாரி உட்கார்ந்து பார்ப்பவன் என்று தொழிலாளிகள் சொல்வதுண்டு. அன்றைக்கு அது அப்படியே உண்மை. நேற்று நாங்கள் நின்ற இடம் எது என்று தேடினேன். கண்டுபிடிக்க முடியவில்லை, எல்லாம் ஒரே வெள்ளை. பிறகு மேல் புள்ளி விளிம்பில் மறைந்தது. கீழ்ப்புள்ளி ஒரு கணம் விளிம்பின்மேல் நின்றது. அதுவும் மறைந்தது.

"போய்ட்டா மாப்ள" என்றேன்.

"யாரு, அக்காவா? எங்க?"

"அந்தப் பக்கம்."

அவன் பைனாகுலரைப் பிடுங்கிக்கொண்டான். காவிப்பட்டை இன்னும் நிழலில்தான் இருந்தது.

திரும்பி வந்தவள் பெஞ்சில் உட்கார்ந்து காலை நீட்டினாள். கைவிரல்கள் விறைத்து வாரை அவிழ்க்க வரவில்லை. நான் தரையில் உட்கார்ந்து கிராம்பானைக் கழற்றினேன்.

"நேத்து நாம நின்ன எடத்துல இருந்து ரொம்பக் கிட்டதாங்க" என்றாள். கோபமில்லை, தகவல் சொன்னாள்.

"அப்படியா."

"ஆமா. இவ்வளவுதான்." கையை விரித்துக் காட்டினாள். கயிற்றின் நீளமா, அறையின் நீளமா என்று புரியவில்லை. நான் கேட்கவில்லை.

"அக்கா, பனியாறு எப்படி இருந்துச்சு?" என்றான் தம்பி.

அவள் கைகளை அக்குளில் செருகிக்கொண்டாள்.

"அழுக்கா இருக்குடா. மேல எல்லாம் கல்லும் மண்ணும், சைட்ல லாரி கொட்டின மாதிரி. நடுவுல கறுப்பா ஒரு கோடு. இத்தனை வருஷமும் வெள்ளையா வரைஞ்சிருக்கேன், இவ்வளவு அழுக்குன்னு ஒரு புக்குலயும் சொல்லலையே." மறுகாலை என் பக்கம் நீட்டினாள். "நின்னு பாக்கவே விடல, அப்படிக் காத்து. ஆனா பாத்தேன்."